மூடுவிழா நன்றியுரை

எங்கள் ஊர் உழவர் சந்தை வாசலில் கருப்பு கிரானைட்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள், வரவேற்றவர், நன்றி நவின்றவர் என்று மொத்தம் இருபத்திரண்டு பெயர். கீரைக்கார அம்மா முந்தானை முடிச்சில் சில்லறை தேடும் நேரத்தில் பல தடவை எண்ணியிருக்கிறேன். சந்தை இப்போது இல்லை. கல்வெட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. மூடி வைத்த புண்ணியவான் யார் என்று தெரிந்துகொள்ள போன வாரம் போய் நின்று பார்த்தேன். அதற்கென்று ஒரு கல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. திறப்பதில் என்ன பெரிய பாடு? ஒரு ரிப்பன், ஒரு கத்தரிக்கோல், தட்டு ஏந்த ஒரு பெண், அரை மணி நேரம். மூடுவதற்குத்தான் பாடு. எங்கள் ஊரில் அதற்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். கட்சி பார்க்காமல், துறை பார்க்காமல், ஒருவரை ஒருவர் கலந்து பேசாமலே ஒரே காரியத்தை முடித்துக் காட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு ஒற்றுமையை இந்த ஊர் தேர் இழுக்கிறபோதுகூடக் கண்டதில்லை. அவர்களுக்கு ஒரு பொன்னாடை இல்லை, ஒரு சந்தன மாலை இல்லை. ஆகவே மூடுவிழாவை நானே நடத்திவிடுகிறேன். வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் வேண்டாம். நன்றியுரை போதும். நன்றியுரை என்றதும் கூட்டம் எழுந்து செருப்பைத் தேடப் போய்விடுவது வழக்கம். இன்று கொஞ்சம் உட்காருங்கள். உங்கள் பெயரும் வருகிறது.

போய்ச் சேர்ந்தது எது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபில் 1987-லேயே ‘அப்னி மண்டி’ வந்துவிட்டது. ஆந்திராவில் அதே 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’. நாம் அவர்களுக்குப் பின்னால்தான் ஓடினோம், ஆனால் நன்றாக ஓடினோம். ஒன்றரை வருஷத்துக்குள் நூற்றுக்கு மேல் சந்தைகள். எங்கள் ஊருக்கு 2000-ல் வந்தது.

ஏற்பாடு ரொம்ப எளிது. நிலம் வைத்திருப்பவர் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை பெற வேண்டும். விளைந்ததை அவரே கொண்டுவந்து அவரே விற்க வேண்டும். கடைக்கு வாடகை கிடையாது. கமிஷன் கிடையாது. தராசு அரசாங்கத்துடையது, காலையில் வாங்கி மதியம் திருப்பிக் கொடுத்துவிடலாம். டவுன் பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் கட்டணம் இல்லை. தினமும் விடியற்காலை மண்டி விலையையும் கடை விலையையும் விசாரித்து, மண்டிக்குக் கொஞ்சம் மேலே, கடைக்கு 15 சதவீதம் போலக் கீழே ஒரு விலை வைத்து, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம், நடுவில் யாரும் இல்லை. நடுவில் யாரும் இல்லாத ஒரு வியாபாரம் இந்த நாட்டில் எத்தனை நாளைக்கு நடக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஏழாம் நம்பர் கடை ஆத்தாவிடம்தான் எனக்குக் கத்தரிக்காய். பையில் கைவிட்டால் காம்பு முள் சுருக்கென்று குத்தும். அவ்வளவு புதுசு. வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கப் போனால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். “ஒடிக்காத தம்பி. நேத்து பொழுது சாய பறிச்சது, ஒடிச்சா ஒடியத்தான் செய்யும். ஒடிச்ச காய யாரு வாங்குவா?” இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட ஒடிக்க விட்டதில்லை. ஒரு தடவைகூட முற்றல் காய் வந்ததுமில்லை. நிறுத்து முடித்தபின் ஒரு கொத்து கறிவேப்பிலையைத் தூக்கிப் பைக்குள் போடுவார். அது கணக்கில் சேராது.

சரி, நன்றிக்கு வருவோம்.

முதல் நன்றி ஆண்டவர்களுக்கு. கோயிலில் இருப்பவரைச் சொல்லவில்லை. கோட்டையில் மாறி மாறி உட்கார்ந்தவர்களைச் சொல்கிறேன். 2001 மே மாதம் ஆட்சி மாறியது. சந்தை இன்னொருத்தர் பெற்ற பிள்ளை என்பதால் வந்தவர்கள் சோறு போடவில்லை. வெளியே துரத்தவும் இல்லை, அந்தப் பெருந்தன்மையை மறக்கக் கூடாது. திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள். 2006-ல் பெற்றவர்களே திரும்பி வந்தார்கள். பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, கன்னத்தில் தட்டி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் மறுபடி திண்ணை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட் வந்தது. 50 உழவர் சந்தைகளைச் சீரமைக்க 12.50 கோடி ரூபாய் என்றார்கள். எங்கள் ஊர்ச் சந்தைக்கும் அப்புறம் ஒருநாள் பெயின்ட் வந்தது. பச்சை பெயின்ட். வளைவுக்கு, தூணுக்கு, கதவுக்கு, கழிப்பறைப் பூட்டுக்கு. பூட்டின் மேலேயே அடித்துவிட்டதால் அதற்குப் பிறகு சாவி நுழையவில்லை. காலை மூன்று மணிக்கு எழுந்து வரும் பெண்கள் மதியம் ஒரு மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அதில் பாதிப் பேர் அடுத்த மாதம் வரவில்லை. சந்தை அழகாக இருந்தது.

இரண்டாவதாக, ‘விவசாயி’ அவர்களுக்கு. மேற்கோள் குறியைக் கவனிக்கவும். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உழைப்பில் பெரும் பங்கு இவருடையது. அரசாங்கப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் இவர் பெயருக்கு மானாவாரிச் சோளம் இருக்கும். கடையில் கேரட் இருக்கும். பீட்ரூட், முட்டைக்கோஸ், நூக்கோல் இருக்கும். எங்கள் ஊரில் மொட்டை மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் மலை என்று ஒன்று தெரியாது. மண்டையைப் பிளக்கிற வெயில். ஆனாலும் இவருடைய சோளக்காட்டில் கேரட் விளைந்தது. ஒரு தடவை ஆப்பிள்கூட விளைந்தது, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரோடு. சான்று கொடுத்தவருக்குத் தெரியாதா? தெரியும். அட்டை கொடுத்தவருக்கு? தெரியும். வாங்கின எங்களுக்கு? எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்று சந்தோஷமாகத்தான் வாங்கினோம்.

மண்டியில் எடுத்த சரக்கை இங்கே வாடகை இல்லாத கடையில் விற்றால் வியாபாரிக்கு நல்ல வரும்படி. வருஷத்துக்கு இரண்டு கடையாக அப்படி மாறியது. நிஜமாகவே வெண்டைக்காய் விளைவித்த மனுஷி ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினால் நல்ல இடமெல்லாம் நான்கு மணிக்கே நிரம்பியிருக்கும். கேட்டால், “லேட்டா வந்தா பின்னாலதான் உக்காரணும்மா” என்பார்கள். பின்னால் என்பது குப்பைக் குழியை ஒட்டின மூலை. ஆத்தாவும் ஏழாம் நம்பரை விட்டு அங்கேதான் போனார். நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனேன். எல்லாரும் போகமாட்டார்கள் அல்லவா?

இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்த அலுவலர்களுக்கு மூன்றாவது நன்றி. காணாமல் இருப்பது யாருக்கும் வரும். கண்டும் காணாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். ஆய்வுக்கு மேலதிகாரி வருகிறார் என்றால் முதல்நாளே தெரிந்துவிடும். அன்றைக்குக் கேரட் எல்லாம் விடுமுறை எடுத்துக்கொள்ளும். சந்தை முழுக்கச் சுரைக்காயும் பூசணியும் கீரையுமாக ஒரே கிராமிய மணம் வீசும். மேலதிகாரி ஒரு முருங்கைக்காயைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கு நிற்பார். மறுநாள் கேரட் பணியில் சேர்ந்துவிடும்.

கரும்பலகைக்கும் நல்ல கதி. சாக்பீஸால் எழுதினால் அழிகிறது என்று டிஜிட்டல் பலகை வைத்தார்கள். அது வந்த மூன்றாம் மாதம் தக்காளி கிலோ 22 ரூபாயில் நின்றது. மழை பெய்து தக்காளி 90-க்குப் போனபோதும் 22. வண்டி வண்டியாகச் சாலையில் கொட்டின நாளிலும் 22. தக்காளி விலையை இவ்வளவு உறுதியாகக் கட்டுப்படுத்திய பலகை உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

நகராட்சியை விட்டுவிட முடியுமா? சந்தைக்கு உள்ளே வாடகை இல்லை என்பது அங்கே யாருக்கோ உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே, சாலையின் இரண்டு பக்கமும் கடை போட அனுமதித்தார்கள். எழுத்தில் அனுமதி இல்லை, வசூலில் அனுமதி. தினமும் ஒருவர் வந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போவார். அந்தத் தரைக்கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் வட்டிக்கு வாங்கிச் சரக்கெடுத்து வெயிலில் காய்கிறவர்கள். சீட்டுப் புத்தகம் வைத்திருந்தவர் மேல்தான் கோபம். பைக்கை நிறுத்தாமலே, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே காய் வாங்க முடிகிறபோது, உள்ளே யார் நடப்பார்கள்? வாசல் வரை வந்த கூட்டம் வாசலோடு திரும்பியது.

போக்குவரத்துக்கும் ஒரு வார்த்தை. ஆத்தா ஊரிலிருந்து விடியற்காலை வந்துகொண்டிருந்த டவுன் பஸ் ஒருநாள் நின்றுபோனது. கலெக்‌ஷன் இல்லையாம். மூட்டைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கலெக்‌ஷன் இல்லை என்று பஸ்ஸை நிறுத்துகிற புத்திசாலித்தனத்துக்குத் தனியாக ஒரு மாலை போடலாம். அதற்கப்புறம் நான்கு பேர் சேர்ந்து குட்டியானை வண்டி பிடித்து வந்தார்கள். பிறகு இரண்டு பேர். இரண்டு பேருக்கு வண்டி வாடகை கட்டாது.

2020-ல் கொரோனா வந்தது. ஊரடங்கில் சந்தையைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். அது சரிதான், குறை சொல்ல மாட்டேன். திரும்பி வந்தபோது ஐந்து கடைகள் வந்தன. பிறகு மூன்று. மழைக்காலத்தில் ஒருநாள் நான் போனேன். ஒரு நாயும் காவலாளியும் இருந்தார்கள். அடுத்த தடவை காவலாளி இல்லை.

இப்போது வளாகத்துக்குள் நகராட்சியின் உடைந்த குப்பை வண்டிகள் நிற்கின்றன. கதவில் சங்கிலி. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று பக்கத்து அறையில் இருந்த அலுவலகத்துக்குப் போனேன். ஒருவர் பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“சந்தையை எப்ப சார் மூடினாங்க?”

“மூடலையே.” தலை நிமிரவில்லை.

“பூட்டியிருக்கே.”

“பூட்டுறது வேற, மூடுறது வேற சார். மூடுறதுன்னா அரசாணை வரணும். அப்படி ஒண்ணும் வரல. வரத்து கொஞ்சம் கம்மியா இருக்கு, அவ்வளவுதான்.”

“இன்னிக்கு வரத்து எவ்வளவு?”

அவர் பதிவேட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். மறைப்பதற்கு முன் பார்த்துவிட்டேன். கத்தரி 340 கிலோ, வெண்டை 210, கீரை 400 கட்டு. அருமையான கையெழுத்து. வயிறெரிந்து நின்றேன். அந்த 340 கிலோவில் எனக்கு ஒரு கிலோ கொடுங்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. இன்றைக்கும் என்றாவது ஒரு மந்திரி சட்டமன்றத்தில் எழுந்து, மாநிலத்தில் இத்தனை உழவர் சந்தைகள், தினமும் இத்தனை டன், இத்தனை ஆயிரம் நுகர்வோர் என்று படிப்பாரானால், எங்கள் ஊர்க் கத்தரிக்காயும் அந்தக் கணக்குக்குள் இருக்கும். நானும் இருப்பேன். பையோடு போய் வாங்கி வந்த பயனாளியாக.

‘காலம் மாறிவிட்டது, இதெல்லாம் இனி ஓடாது’ என்று சிலர் சொல்கிறார்கள். பொய். மதுரை அண்ணா நகரில் இன்றும் ஓடுகிறது. கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஓடுகிறது, சேலம் சூரமங்கலத்தில் ஓடுகிறது. பண்டிகைக்கு முதல்நாள் போனால் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. சந்தை தானாகச் சாகாது. எங்கள் ஊரில் செத்ததற்கு எங்கள் ஊர்க்காரர்கள்தான் காரணம்.

அடுத்து, குளிர்பதன வசதியோடு காய் விற்கும் பெரிய கடைகளுக்கு நன்றி. சந்தைக்கு நேர் எதிரே ஒன்று வந்தது. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு படம்: தலைப்பாகை கட்டிய விவசாயி, கூடையில் காய்கள், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு. ‘தோட்டத்திலிருந்து நேரடியாக’ என்று எழுத்து. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. வாங்குகிறவர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்கிறது அந்தக் கணக்கு. படத்தில் இருப்பவர் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியவில்லை. படம் பிடித்தவர் சிரிக்கச் சொல்லியிருப்பார். அந்தக் கடையில் கறிவேப்பிலைக்குத் தனி அலமாரி. நாலு கொத்து, பிளாஸ்டிக் தட்டு, மேலே இழுத்து ஒட்டின தாள், பார்கோடு, 12 ரூபாய்.

கடைசியாக, ஆனால் உண்மையில் முதலாவதாக, நமக்கு. சொன்னேன் அல்லவா, உங்கள் பெயர் வரும் என்று. என் பெயரும்தான். கீரைக்கட்டு பத்து ரூபாய் என்றால் “எட்டுக்குத் தா” என்று ஐந்து நிமிஷம் நின்று ஜெயித்தவர்கள் நாம். ஜெயித்த கையோடு எதிர்க் கடைக்குப் போய், பார்கோடு எந்த விலையைக் கத்துகிறதோ அதைக் கொடுத்து, பைக்கு வேறு எட்டு ரூபாய் கொடுத்து, “தேங்க்யூ” என்றும் சொல்லிவிட்டு வந்தோம். அங்கே பில் போடும் பெண் பிள்ளையிடம் “எட்டுக்குத் தா” என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. சந்தையில் சேறு என்றோம். சேறு ஒட்டிய கிழங்கைக் கழுவ வேண்டியிருக்கிறது என்றோம். பொங்கலுக்குப் பொங்கல் ஏர் உழும் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, உழவரை வணங்கினோம். வணங்கிய கையில் பத்து நிமிஷத்தில் காய் கொண்டுவருகிற ஆப் திறந்திருந்தது. நான் ஒழுங்கா என்றால், இல்லை. ஆத்தா குப்பைக் குழி மூலைக்குப் போன பிறகு ஒரு வருஷம் போனேன். அப்புறம் முழங்கால் வலி என்று ஒரு காரணம் கிடைத்தது. எதிர்க் கடையில் லிஃப்ட் இருந்தது.

நன்றியுரை முடிந்தது. ஆத்தாவை ஐப்பசியில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மண்டிக்குப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். மடியிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து, “இதப் படிச்சுச் சொல்லு தம்பி, கண்ணு தெரியல” என்றார். கத்தரி 40 கிலோ. கழிவு என்று 2 கிலோவைத் தள்ளியிருந்தார்கள். மீதி 38, கிலோ 12 ரூபாய் வீதம் 456. கமிஷன் 46. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 20. கையில் வந்தது 390. வண்டிக்கு 60 கொடுத்தாயிற்று, பறிக்க வந்த பெண்ணுக்கு 200. மிச்சம் 130 ரூபாய், நாற்பது கிலோவுக்கு. அன்றைக்கு எதிர்க் கடையில் கத்தரிக்காய் கிலோ 64. நான் அதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. “முன்ன மாதிரி சந்தை தொறந்தா சொல்லு” என்றார்.

பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே உழவர் சந்தை அடையாள அட்டை. போட்டோவில் பதினைந்து வயது குறைவாக இருந்தார். முத்திரை மட்டும் புதுசு. போன மாதம்தான் இரண்டு பஸ் மாறிப் போய், ஒரு நாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டு வந்தாராம். புதுப்பித்துத் தருகிறார்கள். அலுவலகம் நடக்கிறது. அட்டை அடுத்த மார்ச் வரைக்கும் செல்லும்.